கோட்டுக்கு உள்ளே

ஒரு வீட்டு இரும்பு கேட்டில் பொருத்த மயில் உருவம் கேட்டிருந்தார்கள். தகடு வெட்டும் பிளாஸ்மா டார்ச்சை ஒட்டி நகர்த்துவதற்காக, பிளைவுட்டில் மயிலை வரைந்து ஒரு அச்சு அறுத்துக்கொண்டிருந்தேன். பட்டறைக்கு வந்த அண்ணன், "இன்னாடா, கோட்டுக்கு உள்ள அறுக்கிற?" என்றான்.

"டார்ச் மூக்கு கனம் இருக்குதில்லண்ணா, அச்சுக்கு கொஞ்சம் தள்ளித்தான் வெட்டும்," என்றேன்.

சொல்லும்போதே பழைய பேப்பர் வாசனை வந்தது. சின்ன வயதில் ஏம்பலத்தில் இருந்தபோது, செருப்பு வாங்க எங்களைக் கடைக்குக் கூட்டிப்போக மாட்டார்கள். பேப்பரில் காலை வைத்து வரைந்து, வெட்டி, அதை அப்பா வில்லியனூர் கடைக்கு எடுத்துப்போவார். அந்த வருஷம் அண்ணனுக்கு மட்டும்தான் செருப்பு. பேப்பரை வெட்டியது நான். கோட்டுக்கு ஒரு விரல் அகலம் உள்ளே வெட்டினேன்.

வந்த செருப்பு அவன் காலில் நுழையவில்லை. "கால் வளந்துடுச்சி போல. தம்பி போட்டுக்கட்டும்பா," என்றான்.

கரும்பு வெட்டிய கொல்லையில் வெறுங்காலோடு நடந்த அண்ணனுக்குக் கரும்புக் கட்டை குத்திச் சீழ் பிடித்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். பேப்பரை உள்ளே வெட்டியதை நான் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

அச்சைத் தகட்டின்மேல் வைத்தேன்.

"ஆடுது பாரு," என்ற அண்ணன், மூன்று விரல் காலைச் செருப்போடு அதன்மேல் வைத்து அழுத்தினான். "நான் புடிச்சிக்கிறேன். நீ வெட்டு."

வெட்டினேன்.