காலி மண்டபத்தில் ஒரு போட்டோ பூத்

சென்ற ஆண்டு மலேசியாவில், கிள்ளானில் என் மகளின் கல்யாண விருந்து நடந்தது. பத்திரிகையில் மாலை ஏழு மணி என்று போட்டிருந்தோம். அதை வைத்தே போட்டோ பூத்தையும் ஏழிலிருந்து ஒன்பது வரை நான் பேசி முடித்தேன். நம் ஆட்களுக்கு ஏழு என்றால் எட்டரை. நானே அப்படிப் போகிறவள்தான், அது அப்போது உறைக்கவில்லை.

ஏழு மணிக்கு மண்டபத்தில் நாற்காலிகள்தான் இருந்தன. நானும் கணவரும் ஒரு மூலையில், சம்பந்திகள் மறுமூலையில். விருந்துக்கு ஆட்டுக்கறி வேண்டுமா, வேண்டாமா என்ற பேச்சில் சம்பந்தியம்மாவும் நானும் முகம் கொடுத்துப் பேசியே நாளாகியிருந்தது.

பூத்துக்காரர் நின்று நின்று அலுத்துப்போய், "ஆன்டி, யாருமே வரல. நீங்க நாலு பேரும் வந்து ஒன்னு எடுங்க லா," என்றார். மறுக்க முடியவில்லை. வேடிக்கைப் படத்துக்கென்று அங்கே கண்ணாடி, தொப்பியெல்லாம் வைத்திருந்தார். பெரிய மஞ்சள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சம்பந்தியம்மா, "எப்படி இருக்கு?" என்று என்னைத்தான் கேட்டார்.

"மாப்பிள்ளைக்கு அக்கா மாதிரி இருக்கீங்க."

சிரித்துவிட்டார். அப்புறம் தொப்பியை மாற்றி மாற்றி எடுத்துத் தள்ளினோம்.

எட்டே முக்காலுக்குத்தான் பூத்தில் கூட்டம் மொய்த்தது. ஒன்பதானதும் பூத்துக்காரர் சாமான்களைக் கட்டிவிட்டார். பாதிப் பேருக்குப் படம் இல்லை. மகளுக்கு என்மேல் கோபம்.

இப்போது கேட்பவர்களிடம் பூத்தை எட்டரையிலிருந்து பேசச் சொல்கிறேன். நான் மட்டும் பத்திரிகையில் போட்ட நேரத்துக்கே போய்விடுகிறேன். போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு விருந்து. ஏழுக்குப் போனால், எனக்கு முன்பே வந்த சம்பந்தியம்மா, பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருந்தார்.