எழும்பாத மலை

கல்லூரியில் நிலவியல் படித்தபோது ஆய்வகத்தில் என் பக்கத்தில் இருந்தவள், குளச்சல்காரி. மெலிந்த உடம்பு, இறுக்கிப் பின்னிய சடை. பெஞ்சின் இடது ஓரத்தில்தான் உட்காருவாள். அந்தப் பக்கமாக யாராவது வந்து நின்றால் திடுக்கிடுவாள்.

அன்று சிதறால் மலைப் பக்கத்து வான்படங்கள். விமானத்திலிருந்து சற்றே தள்ளித் தள்ளி எடுத்த இரண்டு படங்களை அருகருகே வைத்து, ஸ்டீரியோஸ்கோப்பின் இரட்டை லென்ஸில் இரு கண்ணாலும் பார்த்தால் மலை எழும்பி நிற்கும்.

"எழும்பிட்டு!" என்று எல்லோரும் கூவினார்கள். அவளும் கூவினாள்.

அடுத்து நான் குனிந்தேன். இடப்பக்கப் படத்தை அவள் வலப்பக்கம் வைத்திருந்தாள். அப்படி வைத்தால் எல்லாம் தலைகீழாகும். மலை இருந்த இடத்தில் பெரிய பள்ளம் தெரிந்தது.

"ஏட்டி, இது குழியால்லா கிடக்கு?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு இடது கண்ணு தெரியாது. சாருட்ட சொல்லாண்டாம்."

நான் படங்களை மாற்றி வைத்தேன். அவள் மேசைமேல் உள்ளங்கையைக் கவிழ்த்தாள். "எவ்வளவு உயரம் எழும்புது? பாத்துச் சொல்லு மக்கா."

லென்ஸிலும், மெல்ல உயர்ந்த அவள் கையிலுமாக மாறி மாறிப் பார்த்தபடியே, "இன்னும் மேல... இன்னும் கொஞ்சம்... போதும்" என்றேன்.

நிமிர்ந்தபோது, காற்றில் நிறுத்திய கைக்கும் மேசைக்கும் நடுவே குனிந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.