மாமனார் வீட்டுக்கு எதிர்க்கரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டாம். போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு மொட்டைமாடியில் நானே ஒரு கூடாரம் போட்டு, நானே அதற்குள் புகுந்து, ஜிப் சிக்கிக்கொண்டதால் வெளியே வர வழியில்லாமல் நானே அதில் கைதியாக உட்கார்ந்திருந்தேன். அறுபதைத் தாண்டிய ஆள். மீஞ்சூர் வெயில். துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டு அம்மாதான் வெளியிலிருந்து ஜிப்பை இழுத்துப் பிரசவம் பார்த்தார்.

“உள்ள இன்னா சார் பண்றீங்க?”

“டூர் வந்திருக்கேம்மா.”

அவர் சிரிக்கவில்லை. என் மகளுக்கு போன் செய்து சொல்லலாமா, வேண்டாமா என்று யோசிப்பது அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது.

அந்தக் கூடாரம் போனில் பார்த்து வாங்கியது. படத்தில் கூடாரத்துக்கு முன்னால் ஒரு குடும்பம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. பெட்டி வந்ததும் பிரித்துப் பார்த்தேன். கம்பி இருந்தது, கயிறு இருந்தது, முளை இருந்தது. குடும்பத்தைத் தனியாகத்தான் வாங்க வேண்டும் போலிருக்கிறது.

உள்ளே புது ரப்பர் செருப்பின் வாசனை. அந்த அரைமணி நேரமும் நான் வேறொரு வாசனைக்காக மூக்கை நீட்டிக்கொண்டிருந்தேன். படகுப் பாயின் வாசனை அது. பல வருஷத்து உப்பும் புகையும் காய்ந்த எறாவும் சேர்ந்து ஊறிய துணி. முதல் நாள் குமட்டும். இரண்டாம் நாள் தெரியாது. மூன்றாம் நாள் ஊருக்குத் திரும்பி, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போகும்போதுதான் அது நம்மேல் இருக்கிறது என்றே தெரியவரும்.

அப்போதெல்லாம் ‘கேம்பிங்’ என்ற சொல்லை நாங்கள் கேள்விப்பட்டதில்லை. ஆனால் ஐந்தாறு கோடை விடாமல் அதைத்தான் செய்தோம். நான் மீஞ்சூரில் ஒரு லேத்துப் பட்டறையில் வேலை பார்த்தேன். மே மாதம் பட்டறையில் மூன்று நாள் விடுவார்கள். ஊட்டிக்குப் போகிறவர்கள் போனார்கள். நாங்கள் பொன்னேரி போய்ப் பஸ் மாறிப் பழவேற்காடு, அங்கிருந்து படகில் ஏரியைத் தாண்டி மணல்திட்டு. செலவென்று பார்த்தால் பஸ் டிக்கெட்டும் அரிசியும்தான். மீனை மச்சான் கொடுத்துவிடுவான். கடற்காற்றை அன்றைக்கும் யாரும் விலைக்கு விற்கவில்லை.

ஏன் அங்கே போனோம் என்றால், எங்களுக்குப் போக வீடு இல்லை. அதாவது வீடு இருந்தது. கோட்டைக்குப்பத்தில், என் மாமனார் வீடு. அதற்குள் எங்களை விட மாட்டார்கள்.

என் மனைவி கன்னியம்மா மீஞ்சூர்ச் சந்தையில் நண்டு விற்க வந்தவள். எனக்கு நண்டை உடைத்துத் தின்னத் தெரியாது. தெரியாமலே மாதக்கணக்கில் தினமும் வாங்கினேன். ஒருநாள் அவளே கேட்டுவிட்டாள்: “யோவ், நீ இத்தத் துன்றியா, இல்ல வளக்கறியா?” இப்படிக் கேட்ட பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளாமல் எப்படி இருப்பது? செய்துகொண்டேன். கடலும் தெரியாத, வலையும் தெரியாத ஒரு வேற்றுச்சாதிப் பட்டறைக்காரனோடு பெண் போனதை அவள் நைனாவால் தாங்க முடியவில்லை. அவள் கால் இந்த வாசலில் படக் கூடாது என்று சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான்.

கன்னியம்மாவின் தம்பி தேசப்பனுக்கு அந்தத் தீர்ப்பில் ஓர் ஓட்டை தெரிந்தது. “வாசல்லதான மாமா படக் கூடாது? மணலு யாரு வூட்டு வாசலு?” என்றான். அந்த மே மாதமே எங்களைப் படகில் ஏற்றி, ஊருக்கு நேர் எதிரே மணல்திட்டில் இறக்கிவிட்டான்.

ஏரியில் எல்லாரும் எல்லா நாளும் வலை போட்டுவிட முடியாது. முறை உண்டு. அதைப் பாடு என்பார்கள். தேசப்பனுக்குப் பாடு இல்லாத நாளில்தான் அவன் படகும் பாயும் சும்மா இருக்கும். ஆகவே எங்கள் கோடைவிடுமுறை எந்த மூன்று நாள் என்று முடிவு செய்தது பட்டறை முதலாளி அல்ல, ஏரியின் முறைதான். முதலாளியிடம் “பாடு இல்ல சார், அதனால லீவு வேணும்” என்று ஒருமுறை உளறிவிட்டேன்; ‘உனக்கென்னய்யா பாடு’ என்பதுபோல் அவர் ஒருவாரம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

படகுக்குக் காத்திருக்கும் நேரத்தில் பழவேற்காட்டில் ஒல்லாந்துக்காரர்களின் கல்லறைத் தோட்டத்து நிழலில் மூட்டையை வைத்துவிட்டு உட்காருவோம். கல்லில் எலும்புக்கூடெல்லாம் செதுக்கி வைத்திருப்பார்கள். “இவங்களும் நம்மள மாதிரி மூணு நாளு தங்கிப் போலாம்னு வந்தவங்கதான்” என்று கன்னியம்மாவிடம் சொல்வேன். “நீ வாய மூடினு வா” என்பாள். இடுப்பில் மகள் சுமதி, கையில் அலுமினியக் குண்டான். கண் ஏற்கெனவே எதிர்க்கரைக்குப் போயிருக்கும்.

மணல்திட்டில் நாலு சவுக்குக் கழியை நட்டுப் பாயைக் கட்டுவான் தேசப்பன். நான் கட்டினால் அது என் தலையிலேயே விழும். ஒரு தடவை விழுந்து, நான் உள்ளே துழாவிக்கொண்டிருந்தபோது, “அக்கா, வலையில இன்னாவோ மாட்டிகீது, தின்றதா விக்கறதா?” என்று வெளியே கத்தினான். கன்னியம்மா, “எடை போடு முதல்ல” என்றாள். அந்த மூன்று நாளும் அக்காவுக்கும் தம்பிக்கும் நான்தான் தீனி. என் நீச்சல், நான் மீன் கழுவும் லட்சணம், முள் சிக்கினால் நான் போடும் கூச்சல், ஒன்றையும் விட மாட்டார்கள். அவ்வளவு பெருமையாக நான் வேறெங்கும் இருந்ததில்லை.

ஒரு நேரத்தில் மட்டும் சிரிப்பு நின்றுவிடும். காலையில் மாமனாரின் படகு எங்களைத் தாண்டிப் போகும், உச்சி வெயிலில் அதே வழியில் திரும்பும். கழியை ஊன்றி நின்றபடியே வருவார். எங்களுக்கு நேரே வரும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். அந்தப் பக்கம் தண்ணீரைத் தவிர ஒன்றும் கிடையாது. வெறும் தண்ணீரை அவ்வளவு அக்கறையாகப் பார்த்த மனிதரை நான் கண்டதில்லை. கன்னியம்மா அடுப்பை விட்டு எழுந்து, முந்தானையைச் சரிசெய்து, குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு கரையோரம் நிற்பாள். கூப்பிட மாட்டாள். படகு போன பிறகு என்னிடம் கேட்பாள்.

“பாத்தாரா?”

“பாத்தாரு. ஓரக்கண்ணால.”

“பொய்யி.”

மறுநாளும் கேட்பாள். மறுவருஷமும் கேட்பாள். சுமதி இடுப்பிலிருந்து இறங்கித் தானாக நிற்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டாள். என்னிடமும் பொய் தீர்ந்துகொண்டு வந்தது.

அந்தத் திட்டில் குடிதண்ணீருக்கு ஊற்று தோண்ட வேண்டும். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஏரி, நடுவே ஒரு பள்ளத்தில் மட்டும் கையால் மணலைப் பறித்தால் நல்ல தண்ணீர் சுரக்கும். மேலாகப் பறித்து, கொட்டாங்கச்சியால் மெதுவாக மொள்ள வேண்டும். ஆழமாகப் போனால் கீழே இருக்கும் உப்புத்தண்ணீர் ஏறிவிடும். இதை எனக்கு ஒவ்வொரு வருஷமும் சொன்னார்கள். நானும் ஒவ்வொரு வருஷமும் தலையாட்டினேன்.

கடைசி வருஷம் தேசப்பன் வேறொருவருடைய பாட்டில் வலை போடப் போக வேண்டியிருந்தது. எங்களை விட்டுவிட்டு, சாயங்காலம் வருகிறேன் என்று போய்விட்டான். கன்னியம்மா சுமதியை அழைத்துக்கொண்டு சுள்ளி பொறுக்கப் போனாள். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் கொட்டாங்கச்சி கொட்டாங்கச்சியாக மொள்ளுவது ஒரு லேத்துக்காரனுக்கு அவமானமாகப் பட்டது. மனைவியும் மகளும் திரும்பி வரும்போது தலைக்கு ஊற்றிக் குளிக்கிற அளவுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும் என்று ஆசை. குண்டானை எடுத்து இடுப்பளவுக்கு வெட்டினேன். தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. என் வாழ்க்கையின் சாதனை என்று நினைத்தேன். வாயில் வைத்துப் பார்த்தேன். கடல்.

கன்னியம்மா வந்து பார்த்து முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். “கெணறு வெட்டின ராசா!” என்றாள். பக்கத்தில் இரண்டு இடத்தில் பறித்துப் பார்த்தாள். அதிலும் உப்பு. அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. வெயில் ஏறியது. சுமதி முதலில் தண்ணீர் கேட்டாள், பிறகு அழுதாள், பிறகு அழாமல் மடியில் சாய்ந்துகொண்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

உச்சி வேளைக்கு மாமனாரின் படகு வந்தது. முகம் வழக்கம்போல அந்தப் பக்கம் திரும்பியது. கன்னியம்மா குழந்தையோடு முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். கல்யாணமான நாளிலிருந்து வாய்க்குள்ளேயே வைத்திருந்ததை முழுத்தொண்டையில் விட்டாள்.

“நைனா! கொழந்தைக்குத் தண்ணி!”

படகு கொஞ்ச தூரம் போனது. இல்லை, போகவில்லை, அப்படியே மிதந்துகொண்டு நின்றது. கழி தண்ணீருக்குள் ஊன்றியபடி அசையாமல் இருந்தது. பிறகு திரும்பியது.

அவர் பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்து, சொம்பில் சாய்த்து, பேத்தியின் வாயில் தானே வைத்தார். அவள் குடித்து முடிக்கும்வரை குனிந்தே இருந்தார். நிமிர்ந்தபோது என் கிணறு கண்ணில் பட்டது.

“இன்னா இது?” அத்தனை வருஷத்தில் என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை.

“ஊத்துங்க மாமா.”

“ஊத்தா? மடவை மீனு வுட்டா வளரும் போலகீது.”

என் ஆயுளில் எனக்குக் கிடைத்த மரியாதைகளில் அதுதான் பெரியது. பிறகு மகளைப் பார்க்காமலே மகளிடம் சொன்னார்: “வெயில்ல கொழந்தைய வெச்சிக்கினு நிக்காத. ஏறு.”

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள், ஏறிவிட்டாள். மூட்டையும் குண்டானும் நானும் மிச்சம். யாராவது காவல் இருக்க வேண்டுமே. படகு சின்னதாகிக்கொண்டே போய் எதிர்க்கரையில் ஒட்டியதைப் பார்த்தேன். ரொம்ப சந்தோஷமாக இருந்தது. பேச ஆளில்லாமலும் இருந்தது. சாயங்காலம் தேசப்பன் வந்து விஷயத்தைக் கேட்டு, “நாங்க அஞ்சு வருசம் கெஞ்சினோம், நீ ஒரு குழி தோண்டி முடிச்சிட்டியே மாமா!” என்று என்னைத் தூக்கித் தண்ணீரில் போட்டான்.

அடுத்த மே மாதத்திலிருந்து நாங்கள் மாமனார் வீட்டில் தங்கினோம். எனக்கு நாற்காலி. தலைக்கு மேல் ஃபேன். போனதும் கலர் சோடா. மாப்பிள்ளையை யாரும் கிண்டல் செய்யக் கூடாது என்று மாமனார் உத்தரவு போட்டிருந்தார். கன்னியம்மாவுக்கு முகத்தில் ஒரு புது நிறம் வந்திருந்தது. அதைப் பார்த்த பிறகு, மணல்திட்டுக்கு ஒருநாள் போய்வரலாமா என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை. ஒருமுறை கேட்டேன். “போலாம் போலாம்” என்றாள். போகவில்லை.

இப்போது அந்தத் திட்டில் பாதி கடலுக்குள் போய்விட்டது என்கிறார்கள். சவுக்குகள் வேரோடு சாய்ந்துவிட்டன. நல்ல தண்ணீர் சுரந்த பள்ளத்தின் மேல் படகே போகிறதாம். மாமனார் இல்லை. போன மழைக்கு முந்தைய மழையில் கன்னியம்மாவும் போய்விட்டாள். சுமதி ஓசூரில் இருக்கிறாள், ஞாயிறு தவறாமல் பேசுகிறாள், மாத்திரை போட்டேனா என்று கேட்கிறாள்.

தேசப்பன் வீட்டுக்கு வருஷம் ஒருமுறை மாமனார் திவசத்துக்குப் போகிறேன். மாடிவீடு கட்டியிருக்கிறான். போனதும் நாற்காலி, குளிர்ந்த தண்ணீர், வாழையிலை. அவன் மருமகள் தள்ளி நின்று “இன்னொரு மீன் வைக்கட்டுமா?” என்று கேட்கிறாள். வா மாமா, போ மாமா என்று பேசியவன் இப்போது வாங்க, போங்க என்கிறான். முள் தொண்டையில் சிக்கினால்கூட யாரும் சிரிப்பதில்லை, ஓடிப்போய்ச் சோற்றுருண்டை கொண்டுவருகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூடாரத்திலிருந்து விடுதலையானதும் முதல் வேலையாக அவனுக்குத்தான் போன் செய்தேன். ஜிப் சிக்கியது, பக்கத்து வீட்டு அம்மா வந்தது, எல்லாவற்றையும் கொஞ்சம் கூட்டியே சொன்னேன். வலையில் இன்னா மாட்டிகீது என்று கேட்பான் என்று காத்திருந்தேன்.

“அடிகிடி ஒண்ணும் படலியே?” என்றான்.

“அதெல்லாம் இல்லடா மச்சான். ஒண்ணு கேக்கறேன். திட்டு மிச்சம் இருக்கறவரைக்கும் போதும். நீயும் நானும் மட்டும். ஒரேயொரு நாளு பாய கட்டினு அங்க படுத்துட்டு வரலாமா?”

அந்தப் பக்கம் டி.வி. ஓடுகிற சத்தம். யாரோ அதைக் குறைத்தார்கள்.

“வூடு இருக்க சொல்ல மணல்ல எதுக்குங்க மாமா?”