துவர்த்துக்கு இங்கிலீஷ்

எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் என்றால் நான்தான். தற்பெருமை என்று யாராவது நினைத்தாலும் சரி, உள்ளதைச் சொல்லத்தானே வேண்டும்? ஒருநாள் சார் தன் தொப்பியைக் காட்டி ‘டேக் ஆஃப்’ என்றார். ‘டேக்’ என்றால் எடு என்று மட்டும் தெரிந்த என் பக்கத்துக்காரி, எழுந்துபோய் அவர் தலையிலிருந்த தொப்பியை எடுத்துக்கொண்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். போட்டிருப்பதைக் கழற்றுவது என்று நான்தான் அர்த்தம் சொன்னேன். வகுப்பே கை தட்டியது. அன்று முழுக்க என் கால் தரையில் பாவவில்லை.

சாயங்காலம் அப்பா தக்கலைச் சந்தையில் வாழைக்குலைகளை இறக்கிவிட்டு, வரும் வழியில் என்னையும் கூட்டிக்கொண்டு வந்தார். குளத்தங்கரையில் பண்ணையார் எதிர்ப்பட்டார், கூடவே அவருடைய காரியஸ்தரும். நாங்கள் குத்தகைக்கு வாழை போட்டிருந்த விளை பண்ணையாருடையது. அவரைக் கண்டதும் தோளில் கிடக்கும் துவர்த்துத் துண்டைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டாதவனுக்கு அடுத்த வருஷம் பாட்டத்துக்கு நிலம் கிடையாது. அப்பாவும் கட்டினார். என் வாய் சும்மா இருக்குமா?

“டேக் ஆஃப்!” என்று கத்தினேன்.

“உனக்க மவ என்னலே சொல்லுகா?” என்றார் பண்ணையார்.

அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். “இங்கிலீஷாக்கும். துணியைக் கழத்துததுக்கு அப்படித்தான் சொல்லணும்.”

பண்ணையாருக்குத் தொந்தி குலுங்கியது. “கொள்ளாமே! அப்போ உனக்க அப்பன் எனக்க முன்னால தெனமும் இங்கிலீஷுல்லா பேசுகான்!”

காரியஸ்தர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். எத்தனை பெரிய மனுஷர், என் இங்கிலீஷை ரசிக்கிறாரே! அப்பா மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

“அப்போ போடுததுக்கு என்ன மக்கா?”

“புட் ஆன்!”

“புட் ஆன்,” என்று அப்பா நிறுத்திச் சொன்னார். இடுப்பிலிருந்த துவர்த்தை அவிழ்த்தார், ஒரு உதறு உதறித் தோளில் போட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். அவர் பிடித்த பிடியில் எனக்கு விரல் வலித்தது.

பின்னால் சிரிப்புச் சத்தம் நின்றுபோயிருந்தது. “ஏலே! நில்லுலே!” என்று பண்ணையார் கூப்பிட்டது எனக்கே நன்றாகக் கேட்டது. அப்பா திரும்பவில்லை. ‘புட் ஆன், புட் ஆன்’ என்று முணுமுணுத்தபடி போய்க்கொண்டிருந்தார். பாடத்தில்தான் இந்த மனுஷனுக்கு என்ன கவனம் என்று நினைத்து எனக்குப் பெருமை தாங்கவில்லை.