சாவிக்குப் போட்ட கட்டு

புதுக் கார் வாங்கியவன் எலுமிச்சம்பழத்தை நம்புவான், பானெட்டில் பூசிய மஞ்சளை நம்புவான், போனில் எவனோ போட்ட வீடியோவை நம்புவான். வண்டி நின்றுவிட்டால் மட்டும், கடைசியாக அதில் கை வைத்தவனைச் சந்தேகப்படுவான். திருப்பதியில் ரேணிகுண்டா சாலையில் கார் ஒயரிங் கடை வைத்திருக்கிறேன். அந்தக் கடைசிக் கை பெரும்பாலும் என்னுடையதுதான்.

ஒரு டிராவல்ஸ்காரரின் புது வண்டிக்கு நான் அலாரம் மாட்டி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. ஒரு காலையில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து கடை வாசலில் நிறுத்தினார். கூடவே அவருடைய மச்சான்.

"இன்னாபா மாட்டினே? செல்ஃப் சுத்துது, வண்டி பத்த மாட்டேங்குது."

"நேத்து ஓடுச்சாண்ணா?"

"பூஜை போட்டு வூடு வரைக்கும் நல்லாத்தான் ஓட்டிக்கினு வந்தேன். இன்னிக்கு இது ஸ்டார்ட் ஆவலேன்னா ஸ்டாண்டுல ஒருத்தன் உங்கிட்ட வண்டி வுட மாட்டான், பாத்துக்கோ."

எனக்கு வருகிற வேலையில் பாதிக்கு மேல் அந்த டாக்சி ஸ்டாண்டிலிருந்துதான் வருகிறது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு வேறு என்ன தொழில் தெரியும்? ஸ்டீயரிங்குக்கு அடியில் தலையை நுழைத்து, போட்ட ஜாயின்ட் ஒவ்வொன்றையும் பிரித்தேன். அலாரத்தையே கழற்றி வெளியில் வைத்தேன். அப்போதும் பற்றவில்லை.

மச்சான், வண்டிக் கோளாறு காட்டுகிற தன் சின்ன ஸ்கேனரைச் செருகிப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டை டாக்டருக்கு முன்னால் பிரித்துப் படித்து, சொந்தக்காரர்களுக்குச் சாவுச் சேதி அனுப்புகிற ஆட்கள் இருக்கிறார்களே, அந்த ரகம்.

"மாமா, வண்டி கம்ப்யூட்டர் அவுட்டு. இந்தாளு எரிச்சுட்டான்."

நான் டாஷ்போர்டைப் பார்த்தேன். சாவிப் படம் போட்ட விளக்கு விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. சாவியின் தலைக்குள் ஒரு சிப் இருக்கும். சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் அதைப் படித்தால்தான் இன்ஜின் பற்றும். கம்பெனியே வைத்த பூட்டு அது. இந்த வண்டி தன் சாவியை அடையாளம் தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தது.

"சாவியக் குடுங்கண்ணா."

"தொடாதே! செருப்பு போட்டுக்கினு அத்தத் தொடக் கூடாது."

அதுவரை அவரேதான் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தார். அப்போதுதான் பார்த்தேன். தலை முழுக்கச் செப்புத் தகடு, மேலே மஞ்சள் கயிறு.

"இன்னாண்ணா இது, எலும்பு ஒடிஞ்சு சாவிக்குப் புத்தூர்ல போய் கட்டு போட்டுக்கினு வந்த மாதிரி?"

"மந்திரிச்ச எந்திரம். எவனாலயும் வண்டிய எடுக்க முடியாதுன்னு கடைக்காரரு சொல்லிக் குடுத்தாரு."

செப்பு மூடினால் கம்பிச்சுருளுக்குச் சிப் தெரியாது. விற்றவன் பொய் சொல்லவில்லை. வண்டிக்காரராலேயே எடுக்க முடியவில்லையே.

வீட்டுக்கு போன் போட்டு இன்னொரு சாவியைக் கேட்கச் சொன்னேன். அவர் மனைவி ஸ்கூட்டியில் கொண்டுவந்தார். திருப்பியதும் பற்றிக்கொண்டது.

"ராத்திரியெல்லாம் உக்காந்து இறுக்கி இறுக்கிக் கட்டினாரு," என்றார் அந்த அம்மா. "இவரு கட்டின கட்டுல சாவிக்கு மட்டுமா, சாமிக்கே மூச்சு முட்டியிருக்கும்."

மச்சான் சத்தமில்லாமல் ஸ்கேனரைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கட்டைப் பிரித்துக் கண்ணாடியில் தொங்கவிடுங்கள் என்றேன். ஒரு மண்டலம் பிரிக்கக் கூடாதாம், சாவியில்தான் இருக்க வேண்டுமாம்.

"கம்பெனி பூட்ட வேலை செய்யாம பண்ணிடு."

"அண்ணா, திருடன் எடுக்காம இருக்கத்தானே அது?"

"அதுக்குத்தான் எந்திரம் கீதே!"

ஸ்டாண்டை நினைத்து வேலையில் இறங்கினேன். இரண்டாவது சாவியின் சிப்பை எடுத்து, ஸ்டீயரிங் கவருக்குள் அந்தக் கம்பிச்சுருளுக்குப் பக்கத்திலேயே டேப் சுற்றி ஒட்டினேன். இனி ரோட்டோரம் வெட்டின எந்த நகல் சாவிக்கும் அந்த வண்டி பற்றும். அலாரத்தையாவது திரும்ப மாட்டுகிறேன் என்று கெஞ்சி மாட்டினேன். வண்டி திருடு போனால் போலீஸ் யார் வீட்டுக்கு வரும் என்ற கவலை இன்னும் என்னை விடவில்லை. அவருக்கு அந்தக் கவலையே கிடையாது.

என் மேல் தப்பில்லை என்று ஸ்டாண்டில் சொல்லச் சொன்னேன். சொன்னார். "அலாரம் நல்ல அலாரம்தான், எந்திரத்துக்கும் அதுக்கும் ஆவல, அவ்ளோதான்."

வேலை நிற்கவில்லை. இப்போது வருகிற டிரைவர்கள் விலையைக்கூட அப்புறம்தான் கேட்கிறார்கள்.

"அண்ணா, எந்திரத்துக்கு ஒத்துக்கிற அலாரமா பாத்து மாட்டுங்க."

"ஒத்துக்கும்பா," என்கிறேன்.