எழுதியவர் பேசக்கூடாது

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறேன். டாக்டர்களின் கையெழுத்தைப் படித்துப் பழகியவள். அதனால் எந்த எழுத்தையும் ஊன்றிப் படித்துவிடுவேன் என்று என்னைப் பற்றி எனக்கே ஓர் எண்ணம் இருந்தது.

கவிதை வாசிப்பதற்கென்று ஒரு சின்னக் கூட்டம் ஆரம்பித்ததும் அந்த எண்ணத்தில்தான். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலை, மலைக்கோட்டை அடிவாரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் மாடி அறை. மொத்தம் ஐந்து பேர். ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், பள்ளி ஆசிரியை ஒருவர், செல்போன் கடை வைத்திருப்பவர், தோல் ஷாப்பில் தோல் பதனிடும் வேலை பார்க்கும் ஒருவர், நான். ஒரு கூட்டத்துக்கு ஒரே கவிதை. ஆளுக்கொரு முறை சத்தமாக வாசிப்போம், பிறகு பேசுவோம். எங்களில் ஒருவர் எழுதிய கவிதையென்றால், பேச்சு முடியும்வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. அந்த விதியைப் போட்டது நான். எழுதியவர் விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் மற்றவர்கள் கவிதையை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பார்கள் என்பது என் நினைப்பு.

தோல் ஷாப்காரருக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவு. என்னை அக்கா என்பார். குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வருவார். ஆனாலும் வாசலை ஒட்டித்தான் உட்காருவார். “மேல வாடை அடிக்குதாக்கா?” என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். இல்லை என்போம். அடுத்த மாதமும் கேட்பார். கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தன் கவிதை ஒன்றை ஐந்து பிரதி ஜெராக்ஸ் எடுத்து வந்தார்.

மல்லிகை வாங்கினேன்.
வெள்ளையாக இருந்தது, அவ்வளவுதான்.
சோறு தீய்ந்தது.
பக்கத்து வீட்டில் இருந்து
ஓடி வந்து சொன்னார்கள்.

ஐந்து பேரும் வாசித்தோம். முதலில் பேராசிரியர் பேசினார். காலமெல்லாம் நாற்றத்தில் உழைக்கிறவன் மரத்துப்போவதைச் சொல்லும் கவிதை, வர்க்கத்தின் வலி என்றார். ஆசிரியை, மல்லிகை என்பது மனைவி, அவள் மேல் இருந்த ஆசை வற்றிவிட்டது என்றார். நான் என் பங்குக்கு, தன் வீடு தீய்வதை அடுத்தவர் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது, அதுதான் கவிதையின் உச்சம் என்றேன். சொல்லும்போதே எனக்குப் பெருமையாக இருந்தது.

நடுவில் அவர் கையைத் தூக்கினார்.

“செத்த இருங்க. எழுதினவரு பேசக்கூடாதுல்ல” என்றேன். எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்துக் கையை இறக்கிக்கொண்டார்.

முடிந்தபின், “இப்ப சொல்லுங்க” என்றேன்.

“ஒண்ணுமில்லக்கா. ரொம்ப சந்தோசம்” என்றார்.

ஐப்பசி மழையில் ஒருநாள் அது நடந்தது. அவர் மனைவிக்குக் காய்ச்சல், சளி. பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் படுத்தவர் அசந்து தூங்கிவிட்டார். பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்திருக்கிறது. மழைச் சாரலுக்காக ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. பக்கத்து வீட்டார் நிலக்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். மூன்று மணிக்கு அவர் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தார். உள்ளே இருட்டாக இருந்ததால் லைட் சுவிட்சைப் போட்டார்.

மதுரையில் தீக்காய வார்டில் இருவரையும் சேர்த்தார்கள். ஆறாம் நாள் மனைவி இறந்துபோனார்.

எனக்குச் செய்தி சொன்னவர் செல்போன் கடைக்காரர். கடைக்கே வந்து, கவுண்டருக்கு வெளியே நின்றபடி சொன்னார். “வீடு பூரா கேஸ் நெறஞ்சிருக்கு. தெருவுல போறவனுக்கே தெரிஞ்சிருக்கும். இவருக்கு வாசமே தெரியாதாம் மேடம். ரெண்டு வருசமாவே தெரியாதாம்.”

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் ஜெராக்ஸைத் தேடி எடுத்தேன். தனியாக உட்கார்ந்து வாசித்தேன். ஒளிவு மறைவு எதுவும் இல்லை. மல்லிகை வாங்கினான், நிறம் தெரிந்தது, மணம் தெரியவில்லை. சோறு தீய்ந்தது, அதுவும் தெரியவில்லை. ஒரு சின்னப் பிள்ளையிடம் கொடுத்து இவருக்கு என்ன கஷ்டம் என்று கேட்டிருந்தால் சொல்லியிருக்கும். வாடை அடிக்குதா என்று மாதாமாதம் அவர் கேட்டது கூச்சத்தால் அல்ல, தெரிந்துகொள்ள அவருக்கு வேறு வழி இல்லாததால்தான் என்பதும் அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஐந்து பேரில் நோய் என்றால் என்னவென்று அறிந்தவள் நான் ஒருத்திதான்.

மூன்று மாதம் கழித்து, சின்னாளப்பட்டியில் அவருடைய தங்கை வீட்டில் அவர் இருப்பது தெரிந்து போனேன். இரண்டு கைகளிலும் தோல் இழுத்துக்கொண்டிருந்தது. விரல்கள் மடங்கவில்லை. கழுத்துக்குக் கீழே பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கொஞ்ச நேரம் ஏதேதோ பேசினோம். பிறகு கேட்டுவிட்டேன். “அன்னிக்குக் கூட்டத்துல கை தூக்குனீங்களே. என்ன சொல்ல வந்தீங்க?”

அவர் யோசித்தார். “அதுவாக்கா? இதுக்கு மாத்திரை ஏதும் இருக்கான்னு கேக்க வந்தேன். நீங்க மருந்துக்கடைல இருக்கீங்கல்ல.”

“அப்பறமாவது கேட்டிருக்கலாமே?”

“எல்லாரும் அம்புட்டு ஒசத்தியாச் சொன்னீங்க. அதுக்கப்பறம் போயி மாத்திரை கேட்டா நல்லாவா இருக்கும்?”

குற்றம் சொல்கிற குரல் அதில் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மாத்திரை இருக்கிறதோ இல்லையோ, டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லியிருப்பேன். வீட்டுக்குள் நுழைந்ததும் எதையும் தொடாமல் முதலில் ஜன்னலைத் திறந்துவிடுங்கள், மனைவியிடமும் சொல்லி வையுங்கள் என்று சொல்லியிருப்பேன். கடையில் முன்பின் தெரியாதவர்களுக்கு அன்றாடம் இப்படி எத்தனையோ சொல்கிறேன். அவருக்கு மட்டும் சொல்லாமல் போனேன்.

இரண்டாம் முறை போனபோது அவர் தங்கை என்னை வாசலிலேயே நிறுத்தினார். “தப்பா நெனைக்காதீங்க. நீங்க வந்துட்டுப் போனா அண்ணன் ரெண்டு நாளைக்குச் சாப்பிட மாட்டேங்குது. இனிமே வராதீங்க.” கொண்டுபோன களிம்பை மட்டும் வாங்கிக்கொண்டார். நான் டவுன் பஸ் ஏறித் திரும்பிவிட்டேன்.

அடுத்த கூட்டத்தில், நடந்ததை எல்லாம் சொன்னேன். ஆசிரியை அழுதார். இனி எங்களில் யார் எழுதினாலும் முதல் கேள்வி, இது உங்களுக்கு நடந்ததா என்பதாக இருக்க வேண்டும் என்றேன். பேராசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. “அது வாசிப்பு இல்லம்மா, விசாரணை. அப்புறம் ஒருத்தரும் மனசு திறந்து எழுத மாட்டாங்க” என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. அதற்குமேல் அவர் வரவில்லை. இப்போது நாங்கள் மூன்று பேர்.

போன மாதம் ஆசிரியை ஒரு கவிதை கொண்டுவந்தார். கிணற்றை எட்டிப் பார்க்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. நானும் செல்போன் கடைக்காரரும் வாசித்து முடித்தோம். யாரும் உவமையைப் பற்றிப் பேசவில்லை. “இது நீங்களா?” என்று கேட்டேன். “இல்ல, சும்மா கற்பனை” என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்கு நம்பிக்கை வரவில்லை. மறுபடி கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். நானும் அவரோடு இறங்கி, அவர் பஸ் வரும்வரை நிறுத்தத்தில் நின்றேன்.