யாரும் வரவில்லை என்று சொன்னேன்

எங்கள் மகளுக்கு ரத்தத்தில் புற்றுநோய் என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சொன்னபோது அவளுக்கு ஐந்தரை வயது. ஒன்றாம் வகுப்புப் புத்தகத்துக்கு அப்போதுதான் அட்டை போட்டிருந்தோம்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். மனைவி ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருக்கிறாள். நான் தோல் பதனிடும் டேனரியில் டிரம் வேலை. ஈரத் தோலை டிரம்மில் போடுவது, எடுப்பது. அவளுக்கு மாதச் சம்பளம், எனக்கு நாள் கூலி. ஒருவர் வேலையை விட்டுக் குழந்தையோடு இருக்க வேண்டும் என்றபோது பேச்சே எழவில்லை. நான் நின்றுவிட்டேன். வார்டில் இருந்தவர்கள் எல்லாம் அம்மாக்கள். நடுவில் நான் ஒரு ஆண். முதல் வாரம் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

நான் எட்டாவது வரை படித்தவன். மாத்திரைப் பெயர் வாயில் நுழையாது. நிறத்தை வைத்துப் பிரித்தேன். காலண்டரில் கோடு போட்டுக்கொண்டேன். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றினேன். கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினேன். டேனரிக்காரன் கையில் எத்தனை கழுவினாலும் தோல் நாற்றம் கொஞ்சம் மிச்சம் இருக்கும். மூன்று மாதத்தில் அதுவும் போய்விட்டது.

வார்டில் எல்லோரும் 'கவுண்ட்' என்று சொல்வார்கள். ரத்தத்தில் கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணு எவ்வளவு இருக்கிறது என்பது. மருந்து ஏற்றினால் அது இறங்கிவிடும். இறங்கி இருக்கும்போது வெளியாள் யாரும் குழந்தையின் கிட்டே வரக் கூடாது. டாக்டரம்மா இதை என்னிடம் மூன்று முறை சொன்னார்.

"சொந்தக்காரங்க, சர்ச்காரங்க, யாரும் வேணாம். சளி, அம்மை, மத்த பிள்ளைங்களுக்கு வந்தா ஒரு வாரத்துல போய்டும். இவளால தாங்க முடியாது. புரியுதா?"

"புரியுது டாக்டர்."

ஒரு நாள் அவர் என் காலண்டரை வாங்கிப் பார்த்தார். பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்கும் காட்டினார். "இவர் எவ்ளோ நல்லா பாத்துக்கிறார் பாருங்க" என்றார். பள்ளிக்கூடத்தில் என்னை யாரும் இப்படிச் சொன்னதில்லை. டேனரியிலும் இல்லை. அன்று முழுக்க அது காதில் இருந்தது.

மகளுக்கு முடி கொட்டியது. அவள் அழவில்லை. என் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "உனக்கு மருந்து போடாமயே கொட்டிச்சே டாடி, ஏன்?" என்றாள். வார்டே சிரித்தது. ஊசி போட நர்ஸ் வந்தால், "அக்கா, இன்னைக்கு டாடிக்குக் குத்துங்க. நான் காலப் புடிச்சுக்கிறேன்" என்பாள். முதுகில் ஊசி போடும் நாளில் மட்டும் பேச மாட்டாள். என் சட்டைப் பட்டனைப் பிடித்துக்கொண்டே இருப்பாள்.

நாலாவது மாதம் ஒரு சுற்று மருந்து முடித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கவுண்ட் இறங்கும், பத்து நாள் ஜாக்கிரதை என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

எங்கள் தெருவில் பாதிப் பேர் ஒரே சபை. மகளுக்கு ரத்தம் வேண்டும் என்றபோது சபை வாலிபர்கள் நாலு பேர் ஆம்பூரிலிருந்து பைக்கில் வந்து கொடுத்தார்கள். நான் வேலூரில் இருந்த நாளெல்லாம் என் மனைவிக்கு யாராவது ஒருவர் வீட்டிலிருந்து சோறு வந்தது. அவர்கள் அந்த ஞாயிறு மாலை ஜெபிக்க வந்தார்கள். பத்துப் பதினைந்து பேர் இருக்கும். போதகர் வாசலிலேயே நின்றார்.

"ஆஸ்பத்திரில இன்னா சொல்லியிருக்காங்க பிரதர்? நாங்க வெளியவே நின்னு ஜெபம் பண்ணிட்டுப் போறோமே" என்றார்.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் தெருவைப் பார்த்தேன். எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள்.

டேனரி ஆள் பஸ்ஸில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து போவார். என் அப்பாவுக்கு டீக்கடையில் தனி கிளாஸ். எங்கள் தெருவில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த ஆட்களை வாசலில் நிறுத்தி, கிட்டே வராதே, தொடாதே என்று நான் சொல்ல வேண்டும். வாயில் வரவில்லை.

"பரவால்ல ஐயா. உள்ள வாங்க" என்றேன்.

எங்களுக்கு ஜெபம் என்றால் நோயாளியின் தலையில் கை வைப்பது. ஒவ்வொருவராக வந்து வைத்தார்கள். தொப்பியைக் கழற்றிவிட்டு அவள் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். நாலு வீடு தள்ளி இருக்கும் பெண் வந்தாள். என் மனைவியோடு ஒரே கம்பெனியில் வேலை செய்பவள். கூடவே அவள் மகளும் வந்தாள். எங்கள் மகளும் அந்தக் குழந்தையும் ஒரே வயது, ஒரே பள்ளி. நாலு மாதமாகப் பார்க்கவில்லை. அந்தக் குழந்தை கட்டிலில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையைத் தடவி, "தேங்கா மாதிரி இருக்குடி" என்றாள்.

"நீதான்டி தேங்கா."

"ரெண்டு பேரும் கண்ண மூடுங்க, ஜெபம்" என்று அவள் அம்மா அதட்டினாள். இரண்டும் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தன. அவ்வளவு நாள் கழித்து எங்கள் மகள் அப்படிச் சிரித்ததைப் பார்த்து, உள்ளே விட்டது நல்லது என்றுதான் நினைத்தேன்.

பன்னிரண்டு நாள் ஒன்றும் இல்லை. பதின்மூன்றாம் நாள் காலை காய்ச்சல். வயிற்று வலி என்று சுருண்டாள். கார் வைத்துக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா தொட்டுப் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள். காய்ச்சலுக்கு மருந்து ஏற்றினார்கள். இவ்வளவு வயிற்று வலி ஏன் என்று பிடிபடவில்லை. என்னிடம் கேட்டார்.

"வீட்டுக்கு யாராவது வந்தாங்களா? அம்மை, சளி இருக்கிற யாராவது?"

"யாரும் வரல டாக்டர்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யாரும் வரல."

மனைவி பக்கத்தில்தான் நின்றாள். தரையைப் பார்த்தாள்.

அம்மை என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்தே மறைக்கவில்லை. ஆனால் ஆட்கள் வந்தது தெரியும். அதைச் சொன்னால் அவர் முகம் மாறும். அதற்குப் பயந்தேன். காரணம் அவ்வளவுதான்.

மறுநாள் சாயங்காலம் காதுக்குக் கீழே ஒரு கொப்புளம். ஒரு மணி நேரத்தில் மார்பில் ஐந்தாறு. டாக்டரம்மா பார்த்தவுடன் நர்ஸிடம் ஏதோ மருந்து சொல்லி ஓடச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். அவர் கேட்கும் முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

"ஜெபத்துக்கு வந்தாங்க. பத்து பதினஞ்சு பேரு."

அவர் திட்டவில்லை. "நேத்தே தெரிஞ்சிருந்தா நேத்தே இந்த மருந்த ஆரம்பிச்சிருப்போம்" என்றார். வந்தவர்களில் யாருக்கு அம்மை என்று கேட்டுச் சொல்லச் சொன்னார்.

வராந்தாவில் நின்று நாலு வீடு தள்ளி இருக்கும் பெண்ணுக்கு முதலில் போன் செய்தேன்.

"ஏம்மா, உன் பொண்ணுக்கு அம்மை கிம்மை போட்டுச்சா?"

"ஆமாண்ணா. ஜெபத்துக்கு மறுநாள் காலைல பாத்தா உடம்பு பூரா. இப்ப தண்ணி ஊத்தியாச்சு, ஸ்கூலுக்குப் போறா. உங்களுக்கு இன்னா திடீர்னு? பாப்பா எப்டி இருக்கா?"

"இருக்கா" என்றேன்.

வேறு யாருக்கும் போன் செய்யவில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு நாள் இருந்தாள். கல்லீரல், பிறகு நுரையீரல். கண்ணாடிக்கு வெளியே நின்று நானும் மனைவியும் மாறி மாறி ஜெபித்தோம். ஏழாம் நாள் காலை ஏழேகால் மணிக்குப் போய்விட்டாள்.

ஒரு நாள் முன்னாலேயே அந்த மருந்து போட்டிருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "சொல்ல முடியாது" என்றார். அவருக்குக் கண் கலங்கியது. அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம். எனக்காகச் சொன்னதாகவும் இருக்கலாம்.

அடக்கத்துக்குச் சபை முழுக்க வந்தது. நாலு வீடு தள்ளி இருக்கும் பெண்தான் அதிகம் அழுதாள். "கர்த்தர் எடுத்துக்கிட்டார்" என்று எல்லோரும் சொன்னார்கள். மனைவி வீட்டுக்கு வந்த பிறகு ஒரே ஒரு முறை சொன்னாள். "நானும்தான் வாய மூடிட்டு நின்னேன்." அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பேசியதில்லை. நான் மறுபடியும் டேனரிக்குப் போகிறேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மதியம் நாலு வீடு தள்ளி இருக்கும் பெண் வந்தாள். மகளைக் கூட்டி வரவில்லை. உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை.

"அண்ணா, ஆஸ்பத்திரில இருந்து போன் பண்ணி என் பொண்ணுக்கு அம்மையான்னு கேட்டீங்களே. எதுக்குக் கேட்டீங்க?"

டாக்டர் எல்லோரையும் கேட்கச் சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இவளிடமும் மறைக்க எனக்குத் தெம்பு இல்லை.

"பாப்பாக்கு அதான் வந்துச்சு."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "என் பொண்ணாலயாண்ணா?"

"உன் பொண்ணு கொழந்தம்மா. உள்ள வாங்கன்னு கூப்ட்டது நான். டாக்டர் கேட்டப்போ யாரும் வரலன்னு சொன்னதும் நான். ஒரு நாள் போய்ட்டுது."

"நீங்க ஏண்ணா அப்டிச் சொன்னீங்க?"

மனைவி அடுப்படியிலிருந்து வந்து நின்றாள்.

"வராதீங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வாசல்லயே ஜெபம் பண்ணிட்டுப் போயிருப்போமே. நாங்க இன்னா கோச்சுக்கவா போறோம்? ஐயா கூடக் கேட்டாரே. எங்கள இன்னான்னு நெனச்சீங்க?"

"இப்பத் தெரியுதும்மா."

"இப்பத் தெரிஞ்சு?"

அவள் போய்விட்டாள். இரண்டு ஞாயிறு ஆராதனைக்கு வரவில்லை. மூன்றாவது வாரம் மகளோடு வந்து எதிர்ப் பக்கம் உட்கார்ந்தாள். கம்பெனி பஸ்ஸில் என் மனைவியும் அவளும் இன்றும் ஒரே சீட்டில்தான் போகிறார்கள். சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்கிறார்கள். என்னிடம் மட்டும் பேசுவதில்லை. தெருவில் எதிரே வந்தால் நான் ஓரமாக நின்று வழி விடுவேன். அவள் போன பிறகு நடப்பேன்.